கையில் விழுந்த வெள்ளைக்கு ஒரு பெயர்

வலது கை ஆள்காட்டி விரலில் முதல் வெள்ளை விழுந்தபோது அதைச் சாக்பீஸ் தூள் என்றுதான் நினைத்தேன். திருக்கோகர்ணத்தில் ஓர் உதவி பெறும் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். மணி அடித்ததும் பானைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். அன்று கழுவினேன், வெள்ளை போகவில்லை. நகக்கண்ணுக்குக் கீழே உளுந்து அளவில் ஓர் இடம் பால் மாதிரி இருந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். சுற்றிலும் தோல் சிவந்ததே தவிர வெள்ளை அப்படியேதான் இருந்தது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. சமஸ்தானம் முடிந்து நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். நான் டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது அம்மாவும் போனாள். அண்ணன்தான் படிக்கவைத்தார். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை. வீட்டில் அண்ணன், மதினி, நான் மூன்று பேர். கொடும்பாளூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

மதினியிடம் விரலைக் காட்டினேன். அவள் அடுப்பிலிருந்து எழுந்து வந்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தேமலு. வெயில்ல போயிட்டு வாரீல்ல, அதான். கஸ்தூரி மஞ்சள் போடு, ஓடிரும்."

தேமல் என்றால் யாருக்கும் பயமில்லை. எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு முதுகிலோ கன்னத்திலோ இருக்கும். நானும் நிம்மதியாக மஞ்சள் போட்டேன். தீபாவளிக்குள் நடுவிரலிலும் ஒன்று வந்தது. பிறகு உதட்டு ஓரத்தில் அரிசி அளவுக்கு. பள்ளியில் பகல் முழுக்க விரல்களில் சாக்பீஸ் இருந்ததால் கையை யாரும் கவனிக்கவில்லை. உதடு அப்படி இல்லை.

அண்ணன் என்னை ராஜவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் என் கையைத் தொடவில்லை. எட்டி நின்று பார்த்துவிட்டு அண்ணனிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி, "வெண்குஷ்டம்ங்க" என்றார்.

அந்தச் சொல்லை முதன்முதலாக என்னைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன், பிச்சை எடுக்க வருகிறவர்களைப் பற்றி, ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் விடப்பட்டவர்களைப் பற்றி. சொல்லின் முன்பாதி என் காதில் விழவே இல்லை. குஷ்டம் என்பது மட்டும்தான் விழுந்தது. அண்ணன் கடைக்காரர் எடுத்துத் தந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கார்போகரிசி என்ற கறுப்பு விதை. அரைத்துப் பூசி, வெயிலில் காட்ட வேண்டும் என்றார் கடைக்காரர்.

காட்டினேன். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின் மேல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரத்தில் வெள்ளை சிவந்தது, பிறகு லேசாகக் கறுத்தது. "பாத்தியா, நெறம் ஏறுது" என்று மதினி சந்தோஷப்பட்டாள். நான் ஆசைப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க வெயிலில் உட்கார்ந்தேன். சாயந்திரம் விரல்களில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். அது உடைந்து ஆறியபோது முன்னை விடப் பெரிய வெள்ளை அங்கே இருந்தது.

அதற்குள் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணன்தான் மதினியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் சோறு போடும்போது என் முன்னால் புது அலுமினியத் தட்டு இருந்தது. மற்ற இரண்டும் பழைய பித்தளைத் தட்டு. மதினி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பயந்தாள். அது எனக்குப் புரிந்தது, ஆனால் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் கடையிலிருந்து சாப்பிட வந்தார். மூன்று தட்டையும் பார்த்தார். அலுமினியத் தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, "இதுல போடு" என்றார். மதினி தயங்கினாள்.

"போடுங்குறேன்ல."

அன்றிலிருந்து அவர் அதில்தான் சாப்பிட்டார். யாரையும் திட்டவில்லை. சில நாளில் மதினியே எல்லாத் தட்டையும் சேர்த்துத் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டாள். யாருக்கு எது என்பது போய்விட்டது.

பள்ளியில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மதிய உணவு தொடங்கியிருந்த காலம். பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறுவது என் வேலை. கொப்புளம் உடைந்த கையோடு ஒருநாள் பரிமாறியதை ஒரு தாய் பார்த்துவிட்டாள். மறுநாள் இரண்டு பிள்ளைகள் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்கள், அதற்கு மறுநாள் வரிசையில் பாதிப் பேர் இல்லை. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு மேஜை மேலிருந்த மைக்கூட்டை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க. பெத்தவங்கள கூப்பிட்டு படிச்சுக் காட்டிருவோம். எல்லாம் சரியாயிரும்."

ஆஸ்பத்திரியில் மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருந்த ஓர் இளம் டாக்டர் பார்த்தார். என் கையைத் தயங்காமல் பிடித்துத் திருப்பினார். எனக்கு அதிலேயே கண் கலங்கிவிட்டது. கண்ணை மூடச் சொன்னார்.

"பஞ்சால தொடுறேன். தொடும்போது சொல்லுங்க."

"ம்."

"இப்ப ஊசி. குத்துதா?"

"குத்துது டாக்டர்."

"வெள்ளை இருக்கிற இடத்துலயும் குத்துதுல்ல? அப்ப கண்ணைத் திறங்க. நீங்க பயந்த வியாதி இது இல்ல. அதுல உணர்ச்சி போயிரும். இது தோல்ல நிறம் மட்டும் போகுது. யாருக்கும் ஒட்டாது. உங்களுக்கும் வேற கெடுதல் இல்ல. மருந்து இருக்கான்னு கேட்டா, நிச்சயமா போகும்னு சொல்ற மருந்து இல்ல."

இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். லூக்கோடெர்மா, தொற்றாதது, இவர் பணிபுரியத் தடை இல்லை என்று இருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது எனக்குப் பசித்தது. பல நாளுக்குப் பிறகு பசித்தது என்பதால் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பெற்றோர்கள் வந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் பலகைகளில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் சன்னல் ஓரமாக நின்றார்கள். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். தலைமையாசிரியர் சர்ட்டிபிகேட்டை இங்கிலீஷில் முதலில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். யாருக்கும் புரியவில்லை என்றாலும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு தமிழில் சொல்ல வாயெடுத்தார்.

"டீச்சருக்கு வந்திருக்கிறது லூக்கோடெர்மா. அதாவது, நம்ம தமிழ்ல, வெண்குஷ்டம்னு சொல்லுவோம்..."

அடுத்து தொற்றாது என்றுதான் சொல்ல வந்தார். சொல்லவும் சொன்னார். ஆனால் அதற்குள் சன்னல் பக்கம் ஒரு பெண் "அய்யய்யோ" என்றாள். ஒருவர் எழுந்தார். "பாத்தீங்களா, டாக்டரே எழுதிட்டாரு!" என்றது ஒரு குரல். தலைமையாசிரியர் தாளை ஆட்டி ஆட்டி, "தொத்தாதுங்க, தொத்தாதுன்னு எழுதியிருக்கு" என்று கத்தினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் அதுதான். அதைத் தவிர வேறு சொல் எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கூச்சலில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா, விவசாயி, பின்பலகையிலிருந்து சத்தமாகப் பேசினார்.

"எதுக்கு இப்பிடிப் பயப்படுறீங்க? செவலை மாட்டுல வெள்ளை விழுந்தா செம்மறைன்னு பேரு வச்சு ஓட்டிட்டுப் போறோம். டீச்சருக்கு மறை விழுந்திருக்கு. அம்புட்டுத்தானே?"

கூட்டம் சிரித்தது. சிரித்ததில் கொஞ்சம் சூடு இறங்கியது, சிலர் திரும்பவும் உட்கார்ந்தார்கள். அவர் எனக்காகத்தான் பேசினார். இருந்தாலும் என்னை மாட்டோடு சேர்த்துச் சொன்னதில் எனக்கு வந்த கோபம் லேசில் அடங்கவில்லை. அவர் மகளின் கணக்கை மறுநாள் வழக்கத்தைவிடக் கண்டிப்பாகத் திருத்தினேன்.

முடிவாக, நான் பாடம் நடத்தலாம், சோறு பரிமாறக் கூடாது என்று பேசிக் கலைந்தார்கள்.

செய்தி கொடும்பாளூர்ப் பக்கம் போக அதிக நாள் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அண்ணனின் சைக்கிள் கடைக்கு வந்தார். நான் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் இருந்தேன். நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. அண்ணன் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"நீங்க சொல்றது சரிதான் தம்பி," என்றார் அந்தப் பெரியவர். "ஒட்டாதுன்னே வச்சுக்குவோம். ஆனா பேர்லயே குஷ்டம்னு இருக்கு. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? அந்தப் பேர வாயால சொல்லிட்டு, அதுக்கப்புறம் அது இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

பெரியவர் டீ கூடக் குடிக்காமல் போனார். அவரைக் கொடுமைக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவே பட்டது. அன்றைக்கு அழுதது கல்யாணம் நின்றதற்காக மட்டும் இல்லை. வியாதி இல்லை என்று ஊசி குத்தி நிரூபித்த பிறகும் ஒரு சொல்லால் தோற்றுப்போனது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் அந்தச் சொல்லையே போய்ப் பார்த்தேன். டவுன் நூலகத்தில் பெரிய அகராதி உண்டு. சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். குஷ்டம் என்ற இடத்தில் நான் எதிர்பார்த்த பொருள் இருந்தது. ஆனால் வைத்திய நூல்கள் அதில் பதினெட்டு வகை சொல்லும் என்றும் போட்டிருந்தது. அந்தப் பதினெட்டில் படை உண்டு, சிரங்கு உண்டு. வடமொழியில் தோலில் வருகிற எல்லாக் கோளாறுக்கும் பொதுவாக இருந்த பெயர் அது. பிறகு அதில் மிகக் கொடியது எதுவோ அது மட்டும் பெயரை எடுத்துக்கொண்டது. சிரங்கும் படையும் வேறு பெயரோடு தப்பிவிட்டன. தோல் வெளுப்பது மட்டும் பழைய பெயரோடு மாட்டிக்கொண்டது. இன்னொரு பொருளும் கீழே இருந்தது: கோஷ்டம் என்ற வாசனை வேர். மதினி தலைக்குத் தேய்க்கும் பொடியில் போட வாங்கி வருவாளே, அதுவும் வடமொழியில் இதே சொல்தான். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

தெரிந்துகொண்டேன், சரி. ஆனால் இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வது? சன்னல் ஓரம் நின்ற தாய்மாரிடம் வடமொழியில் பதினெட்டு வகை என்று ஆரம்பிக்க முடியுமா? நேராக டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், அதே சர்ட்டிபிகேட்டத் தமிழ்ல எழுதித் தரணும்."

"தரலாமே. லூக்கோடெர்மாவுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினார். "ஓ. அதுதான் பிரச்சினையா?"

வெளியே நோயாளிகள் அதிகம் இல்லாத நேரம். இரண்டு பேரும் சொல் தேடினோம்.

"வெண்படை?" என்றார்.

"படைன்னா ஒட்டும்பாங்க டாக்டர்."

"வெண்தேமல்?"

"தேமல்னா மருந்து போட்டா போகும்பாங்க. ஏன் இன்னும் போகலன்னு கேப்பாங்க."

"பாண்டுன்னு ஒரு வார்த்தை இருக்கே?"

"அது ரத்தம் கம்மியானா வரும் சோகை."

"வெளுப்பு?"

"வண்ணான் வீட்டு வேல மாதிரி இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "நானே உங்ககிட்ட அன்னைக்கு என்ன சொன்னேன்? தோல்ல நிறம் போகுதுன்னு. அதையே எழுதினா என்ன?" என்றார்.

"போகுதுன்னா ஏதோ சாவு மாதிரி இருக்கு. மாறுதுன்னு எழுதுங்க."

எழுதினார்: 'தோல் நிறம் மாறுதல். கிருமியால் வருவதல்ல. பிறருக்குத் தொற்றாது.' கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். அகராதியில் இல்லாத பெயர், ஆனால் அதில் இருக்கிற மூன்று சொல்லும் எல்லாருக்கும் தெரிந்த சொல். நிறம் என்பதற்குப் பழைய தமிழில் மார்பு, உடம்பு என்றெல்லாமும் பொருள் உண்டென்று நூலகத்தில் அதே அகராதியில் பிறகு பார்த்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

தலைமையாசிரியர் அந்தத் தாளைப் பிரார்த்தனை நேரத்தில் தானே படித்தார். பள்ளி வாசலுக்கு வந்த பெற்றோரிடமும் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்னே ஆன தவறு அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சிலர் கடைசிவரை பழைய பெயரையே சொன்னார்கள். ஆனால் ஆனி மாதம் பள்ளி திறந்தபோது கரண்டி திரும்பவும் என் கைக்கு வந்தது. முதல் நாள் வரிசை கொஞ்சம் தயங்கியது. பசி வந்ததும் நகர்ந்துவிட்டது. மதினிக்கு அதற்குள் மகன் பிறந்திருந்தான். குளிப்பாட்டி என் கையில்தான் முதலில் தருவாள்.

மாப்பிள்ளை ஒருமுறை என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். அதற்கு முன் அவரிடம் நான் பேசியதே இல்லை. வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பாகிட்ட பேசிப் பாத்தேன். முடியலீங்க."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவர மீறி என்னால முடியாது."

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றேன். அவருக்கு வேர்த்திருந்தது. ஒரு பிள்ளையிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனார். பிறகு ஒரு வரன் வந்தது, மனைவியை இழந்தவர். அண்ணனுக்கு விருப்பம், எனக்கு இல்லை. அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. எல்லாவற்றுக்கும் தோல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணன் என்னை நினைத்துக் கடையில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்க முடியவில்லை. கோட்டைப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்து எழுதிப்போட்டேன். அது அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கடற்கரை ஊர். கடலை அதுவரை நான் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்த காலத்தில் இரண்டு கையும் மணிக்கட்டுவரை வெளுத்திருந்தன. கண்ணைச் சுற்றியும் வந்திருந்தது. முதல் நாளே வாசலில் ஒரு பெண், கூடையில் மீன் வாங்கி ஊர் ஊராக விற்கிறவள், மகளைச் சேர்க்க வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையில என்ன டீச்சர்?"

"தோல் நெறம் மாறுது. யாருக்கும் ஒட்டாது."

"வலிக்குமா?"

"வலிக்காது."

"வெயிலு?"

"வெயில் பட்டா எரியும்."

"அப்ப முக்காடு போட்டுக்கங்க. இங்க வெயிலு மண்ணுல பட்டு மேல அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பிறந்த மாதம் நினைவில்லை, எதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் கடல் தொழில் செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாக வகுப்பு நிறைந்திருக்கும். அவர்களுக்குள் என்னை வெள்ளைக் கை டீச்சர் என்று சொல்வார்கள். தெரியாத ஊரில் அடையாளத்துக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அறுபதுகள் பிறந்த பிறகு ஒருநாள் அதே மீன்காரப் பெண் ஓட்டமாக ஓடி வந்தாள். மகள் அப்போது நான்காம் வகுப்பு. அவள் கன்னத்தில் வெளிறிய வட்டம் ஒன்று. தாய் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்து வீட்டில் யாரோ அந்தப் பழைய சொல்லைச் சொல்லியிருந்தார்கள்.

"உங்ககிட்ட படிச்சதாலயான்னு கேக்குறாக டீச்சர். நான் அப்பிடிச் சொல்லல. கேக்குறாக."

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் பஸ்ஸில் அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்கச் சிறுமிக்குச் சன்னலோரம் கொடுத்துவிட்டு நான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். டாக்டர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இது தேமலும்மா. களிம்பு தர்றேன். போயிரும்."

"நெசமாவே தேமல்தானா?" என்று தாய் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன். அவள் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதாள். எனக்கும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு நடுவே, ஒரு கணம், இதில் எனக்குத் துணையாக யாரும் இல்லை என்றும் தோன்றியது. அது யாரிடமும் சொல்லக்கூடிய எண்ணம் இல்லை. வந்தது, போனது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கடைத்தெருவில் தாய் மகளுக்கு வளையல் வாங்கினாள். எனக்கும் ஒரு ஜோடி எடுத்து, கேட்காமலே என் கையைப் பிடித்து, சோப்பு நுரை போடாமல் அப்படியே நெரித்து ஏற்றினாள். "சின்னக் கை டீச்சர் உங்களுக்கு" என்றாள். பச்சைக் கண்ணாடி வளையல். ஊர் வந்து சேரும்போது சாயந்திரம் ஆகிவிட்டது. படகுகள் வந்திருந்ததால் அவள் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். நானும் சிறுமியும் அவள் வீட்டுப் பூட்டைத் திறந்து, விளக்கேற்றி, களிம்புச் சீட்டில் இருந்ததை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு சிறுமியின் கன்னத்தில் களிம்பைப் பூசினோம்.